‘எட்டாம் ஹென்றி’ நாடகத்தில் இரு முடிசூட்டல்கள்

ஷேக்ஸ்பியரும் ஜான் ஃபிளெச்சரும் இணைந்து எழுதிய ‘எட்டாம் ஹென்றி’ நாடகத்தை வெறும் ஊர்வலக் காட்சிகளின் தொகுப்பென ஒதுக்குவோர் பலர். 1613 ஜூன் 29 அன்று இந்நாடகம் நடந்துகொண்டிருக்கையில் பீரங்கி வெடித்துக் குளோப் அரங்கு எரிந்துபோன கதைதான், நாடகத்தைக் காட்டிலும் மிகுதியாகப் பேசப்படுகிறது. இறுதியில் குழந்தை எலிசபெத்துக்குச் சூட்டப்படும் புகழ்மாலையைக் கண்டு, இது சீர்திருத்தச் சபையினரின் வெற்றிப் பரணி என்று நம்மவர் முகம் சுளிப்பதும் உண்டு. நான்காம் அங்கத்தைப் பொறுமையாகப் படித்தவர் அவ்வாறு சொல்லத் தயங்குவர்.

அவ்வங்கத்தின் முதற்காட்சி, 1533 ஜூன் 1 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் நிகழ்ந்த ஆன் பொலினின் முடிசூட்டு விழா. யார் முன்னே, யார் பின்னே, எவர் கையில் செங்கோல் என்று மேடைக்குறிப்புகள் நீள்கின்றன. ஆனால் ஆன் ஒரு சொல்லும் பேசுவதில்லை! தெருவில் நிற்கும் கனவான்களே அவரது அழகைப் பேசித் தீர்க்கின்றனர்.

அடுத்த காட்சி கிம்போல்டன். 1509-இல் ஹென்றியோடு அதே வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடிய கத்தரின், நோயுற்று, பிறர் தாங்கிப் பிடிக்க வருகிறார். அவர் உறங்குகையில் வெண்ணாடை அணிந்த அறுவர் தோன்றி, அவர் தலைக்கு மேலே மாலையொன்றை ஏந்தி வணங்கிச் செல்கின்றனர். அருகிலிருக்கும் பணியாளர் எவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

வரலாற்றில் கத்தரின் இறந்தது 1536 ஜனவரி 7-இல். எலிசபெத் பிறந்ததோ 1533 செப்டம்பரில். நாடகம் இவ்வரிசையைப் புரட்டுகிறது. எலிசபெத்தின் பிறப்புக்குக் களங்கம் வாராதிருக்கவே முதல் மனைவியை முன்கூட்டிச் சாகவைத்தனர் என்று சிலர் வாதிடலாம். அதுவே நோக்கமெனில், இறப்புச் செய்தியை ஒரு தூதன் வாயிலாக இரண்டு வரிகளில் முடித்திருக்கலாமே! விண்ணகத்தாரை மேடைக்கு அழைப்பானேன்? ஆனுக்குக் கிட்டாத பேச்சும் அமைதியும் கைவிடப்பட்டவருக்கே கிட்டுகின்றன.

குறையும் உண்டு. அரசரின் ‘மனச்சான்று’ எந்தப் பெண்ணை நோக்கி நகர்கிறது என்று அரசவையினரைக் கொண்டே கேலி செய்யத் துணிந்த நாடகம், விசாரணைக் காட்சியில் ஹென்றி தம் மனச்சான்றை விரித்துரைக்கும்போது அவரைக் குறுக்குக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது. மணவாழ்வில் வேட்கைக்கு மனச்சான்றின் பெயர் சூட்டப்படுவதைப் பங்குப்பணியில் இருப்போர் அறிவர். 1536 மே 19-இல் ஆனுக்கு நேர்ந்த சிரச்சேதம் பற்றியும் நாடகத்தில் ஒரு சொல் இல்லை. 1613-இல் அரங்கில் இருந்தோர் அதை அறிந்தே அந்த ஊர்வலத்தைப் பார்த்திருப்பர்.

கத்தரினின் இறுதி வேண்டுகோள்கள் எளியவை: மகளுக்குப் பரிவு, பணியாளர்க்குக் கூலி, தமக்கு அரசிக்குரிய அடக்கம். பீட்டர்பரோவில் அவரை அடக்கம் செய்தபோது, இளவரசர் ஆர்தரின் விதவை என்ற தகுதியையே அவருக்கு அளித்தனர்.