ஐந்நூறா, ஆயிரமா?

வீட்டில் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது, "எந்த டிரைவர் வாங்கலாம்?" என்றுதான். அந்த வரிசையே தலைகீழ். வூஃபர் எந்த அதிர்வெண்ணில் வேலையை ஹார்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டால், வாங்க வேண்டிய டிரைவர்களின் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். ஹார்னுக்குள் ஒலியைச் செலுத்தும் இந்தக் கம்ப்ரஷன் டிரைவர் நமக்குப் புதிய சரக்கும் இல்லை. திருவிழாவில் மைக் செட்காரர் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரின் பின்னால் திருகியிருக்கிறதே ‘யூனிட்’, அதுவும் இதே இனம்தான். அங்கே அறிவிப்பு நாலு தெருவுக்குக் கேட்டால் போதும்; கூடத்தில் உட்கார்ந்து வயலின் கேட்பவருக்கு அது போதாது.

இதில் இரண்டு கட்சி உண்டு. 500 ஹெர்ட்ஸில் பிரி என்பது பழைய கட்சி. அதன் வேர் திரையரங்கில் இருக்கிறது. எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் 1930-களில் உருவான ஷீரர் ஹார்ன், ஜே.பி.எல்.லின் 375 போன்ற 4 இன்ச் டயஃப்ரம், 2 இன்ச் தொண்டை கொண்ட கனத்த டிரைவர்கள் எல்லாம் இந்த வழி வந்தவை. ஆல்டெக்கின் புகழ்பெற்ற ஏ7 ஸ்பீக்கர் 500, 800 என்று இரண்டு வடிவிலும் விற்பனையானது. ஒரே கம்பெனிக்குள்ளேயே வழக்கு தீரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது ஆயிரம் ஹெர்ட்ஸ் கட்சி. 1981-இல் வந்த ஜே.பி.எல். 4430 ஸ்டுடியோ மானிட்டர் அதற்கு நல்ல சாட்சி: ஒரு 15 இன்ச் வூஃபர், 1 இன்ச் தொண்டையுள்ள டிரைவர், அகலமாக விரிந்த ஒரு ஹார்ன், 1000 ஹெர்ட்ஸில் பிரிப்பு. அவ்வளவுதான்.

500-இன் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. மனிதக் குரலின் முக்கியமான பகுதி முழுவதும் ஒரே டயஃப்ரத்திலிருந்து வருகிறது. காது கூர்மையாக இருக்கும் இடத்தில் தையல் விழுவதில்லை. பிரிக்கும் இடத்தில் அலைநீளம் 69 செ.மீ. என்பதால், வூஃபரும் ஹார்னும் அரை மீட்டர் தள்ளியிருந்தாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் கோணம் 40 டிகிரிக்கு அப்பால் போய்விடும். ஆயிரத்தில் பிரித்து, இரண்டின் மையத்தையும் 40 செ.மீ. இடைவெளியில் வைத்தால் அந்தக் கோணம் 25 டிகிரிக்கு இறங்கும். ஆனால் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றாலும் தலை ஏறுவது 10 டிகிரிதான். இந்த அனுகூலம் தாளில் பெரிது, வீட்டில் சிறிது.

இதற்குக் கொடுக்கும் விலைதான் கொஞ்சம் கூடுதல். 90 டிகிரி பரவலை 500 ஹெர்ட்ஸ் வரை பிடித்து நிறுத்த, ஹார்ன் பொறியாளர் டான் கீலே வகுத்த வாய்ப்பாட்டின்படி ஹார்னின் வாய் 56 செ.மீ. அகலம் வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேல் முனையில்தான் சிக்கல். 2 இன்ச் தொண்டையிலிருந்து வரும் ஒலி 7000 ஹெர்ட்ஸை நெருங்கும்போதே, ஹார்ன் என்ன வடிவில் இருந்தாலும், டார்ச் வெளிச்சம் போலக் குறுகத் தொடங்கும். எடை கூடிய 4 இன்ச் டயஃப்ரமும் அங்கே தன் நெளிவுகளைக் காட்டும். ஆகவே மேலே ஒரு ட்வீட்டர் வேண்டும். 7000-இல் இன்னொரு கிராஸ்ஓவர் வேண்டும். அங்கே அலைநீளம் வெறும் 5 செ.மீ. பெரிய ஹார்னுக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ட்வீட்டர் அதோடு எப்படிச் சேரும்? தலையைச் சற்று ஆட்டினாலே சேர்க்கை மாறும். கீழே ஒரு தையலைத் தவிர்க்கப் போய், அதைவிட மோசமான ஒன்றை மேலே போட்டுக்கொள்கிறோம்.

அப்படியானால் டிரைவர் தயாரிப்பாளர் சொல்கிற எண்ணையே வைத்துக்கொள்ளலாமா? பி அண்ட் சி நிறுவனத்தின் டி.இ.250 வீட்டில் கட்டுபவர்களிடையே பெயர் பெற்ற டிரைவர்: 1 இன்ச் தொண்டை, 44 மி.மீ. வாய்ஸ் காயில். 1600 ஹெர்ட்ஸுக்கு மேல் பிரி என்கிறது அதன் தகவல் தாள். 15 இன்ச் வூஃபரை அதுவரை இழுத்தால் கெட்டது கதை. அதன் பரவல் 1000 ஹெர்ட்ஸ் வாக்கில் 90 டிகிரியாக இருக்கும். 1600-இல் ஏறத்தாழ 55-க்குச் சுருங்கிவிடும். அதே இடத்தில் ஹார்ன் 90 டிகிரியோடு தொடங்குகிறது. நேர் எதிரே மைக் வைத்து அளந்தால் கோடு சமமாகத்தான் தெரியும். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியில் மட்டும் அந்த இடத்தில் ஒரு மேடு நிற்கும். ஹார்ன் என்றாலே கத்தும் என்று சொல்கிறார்களே, அந்தப் பழியில் பெரும்பங்கு இந்தத் தாவலுடையது. உலோக டயஃப்ரத்தின் மேல் வீணாகப் போடுகிறார்கள்.

1600 என்பது மேடைக்கான எண். வீட்டுக்கு வேறு கணக்கு. 3 மீட்டரில் 105 டெசிபல் உச்சம் கேட்க, ஒரு வாட்டுக்கு 108 டெசிபல் தரும் டிரைவருக்கு ஏறக்குறைய 4.5 வாட் போதும். அந்த நிலையில், ஹார்ன் ஒழுங்காகக் காற்றுச் சுமை கொடுத்தால், 44 மி.மீ. டயஃப்ரம் 1000 ஹெர்ட்ஸில் அசைவது சுமார் 0.1 மி.மீ., 500-இல் 0.2 மி.மீ. மேடையில் இதைவிட 20 டெசிபல் கூட்டிக் கேட்பார்கள். அசைவு பத்து மடங்காகும். டயஃப்ரம் தனக்கு எதிரே ஒட்டி நிற்கும் ஃபேஸ் பிளக்கில் போய் இடிக்கும். அங்கே 1600 நியாயம். கூடத்தில் 1000 வரை தாராளமாக இறங்கலாம்.

ஒரு நிபந்தனை: ஃபில்டர் செங்குத்தாக இருக்க வேண்டும். ஆக்டேவுக்கு 6 டெசிபல் குறைக்கும் ஒற்றைக் கண்டென்சர், கீழே போகப் போக மின்னழுத்தத்தைப் பாதியாக்கும். டயஃப்ரத்தின் அசைவோ ஒவ்வொரு ஆக்டேவுக்கும் இரட்டிக்கும். கழித்தால் பூஜ்யம். 1000-இல் இருந்த அசைவு 500-இலும் அப்படியே நிற்கும், ஹார்ன் சுமையை விட்டுவிடும் இடத்தில் இன்னும் ஏறும். ‘எளிமையான கிராஸ்ஓவரே இசைக்கு நல்லது’ என்ற கொள்கை ஹார்னில் செல்லாது. வெளிவரும் ஒலியில் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு கிடைக்கும்படி அமைப்பதே சரி.

இனி உச்ச ஸ்தாயி. அகலமாகப் பரப்பும் ஹார்னில் ஏற்றிய எந்த டிரைவரும் சுமார் 3000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் ஆக்டேவுக்கு 6 டெசிபல் வீதம் சரியும். இது டயஃப்ரத்தின் எடையும் காந்த விசையும் சேர்ந்து விதிப்பது. பழைய எக்ஸ்பொனென்ஷியல் ஹார்ன்களில் இது தெரியாததற்குக் காரணம், மேலே போகப் போக அவை ஒலியை நடுவில் குவித்து அந்தக் குறையை மறைத்ததுதான். ஓரத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் நஷ்டம். திருத்துவதும் எளிது. 97 டெசிபல் வூஃபரோடு சேர்க்க டிரைவரை எப்படியும் 11 டெசிபல் அடக்கியாக வேண்டும். அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே பொருத்தமான கண்டென்சர் போட்டால், மேலே போகப் போக அடக்கல் தளர்ந்து சரிவு நிமிரும். வீணாக எரிக்கும் டெசிபல்களிலிருந்தே மேல் ஸ்தாயி கிடைத்துவிடுகிறது.

டைட்டானியமா, பாலிமரா, பெரிலியமா என்ற சண்டைக்கு நான் அதிக மதிப்புத் தரமாட்டேன். வாங்கும் இரண்டு டிரைவரும் அளவீட்டில் ஒன்றுபோல் இருப்பது அதைவிட முக்கியம்.

என் தீர்ப்பு 15 இன்ச் வூஃபர், 38 முதல் 40 செ.மீ. அகல வாயுள்ள 90 டிகிரி ஹார்ன், 1 இன்ச் தொண்டை டிரைவர், 1000-த்தை ஒட்டிய பிரிப்பு. அந்த வாய் 740 ஹெர்ட்ஸ் வரை பரவலைப் பிடித்து வைப்பதால் கையில் இடமும் இருக்கும். வூஃபர் 12 இன்ச் என்றால் 1300-க்கு ஏறலாம். நூறு பேர் உட்காரும் மண்டபத்துக்குக் கட்டுகிறவருக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அவர் பெரிய டிரைவரையும் ட்வீட்டரையும் ஏற்று 500-க்கே போகட்டும், பின்வரிசை தூரத்தில் இருப்பதால் ட்வீட்டரின் 30 செ.மீ. இடைவெளி அங்கே அவ்வளவாக உறுத்தாது.