கமா செய்யும் வேலையைத் 'தட்' செய்யாது

ஆங்கில வாக்கியத்தில் கமா இல்லாமல் 'விச்' என்று எழுதினால் கணினி சில நேரம் கோடு போட்டுக் காட்டுகிறது. 'தட்' என்று மாற்றியதும் கோடு மறைகிறது. இது நல்ல ஒழுங்கு என்று ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் வாதிட்டார். எந்தப் பொருள் என்று பிரித்துச் சுட்டும் டிஃபைனிங் துணைவாக்கியத்துக்குத் 'தட்', கூடுதல் தகவலுக்குக் கமாவும் 'விச்'சும். மாணவருக்கு எளிது என்றார். எளிதுதான், மறுக்கவில்லை.

ஆனால் இது ஆங்கில நடை நூல் எழுதிய ஃபவுலர் சகோதரர்கள் 1906-இல் முன்வைத்த யோசனை மட்டுமே. 1926-இல் மீண்டும் அதைப் பரிந்துரைத்த ஹென்றி ஃபவுலரே, பெரும்பாலோரும் சிறந்த எழுத்தாளர்களும் அப்படி எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு மறுநாள் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆற்றிய உரையின் முதல் வாக்கியத்திலேயே டிஃபைனிங் 'விச்' இருக்கிறது. 'தி ஹவுஸ் இன் விச்' என்பதில் 'தட்' நுழையவே முடியாது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, பாடவேளையை இந்த விதி விழுங்கி, கமாவுக்கு இடமில்லாமல் செய்வது. மனிதரைப் பற்றிப் பேசும்போது இரு வகைக்கும் பெரும்பாலும் 'ஹூ'தான் வருகிறது. 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை' என்று கமா இல்லாமல் எழுதினால் சகோதரர்கள் பலர், அவர்களில் மதுரைக்காரர் இவர். கமா இட்டால் இருப்பதே ஒரு சகோதரர். தமிழில் 'மதுரையில் இருக்கும் என் தம்பி' என்ற பெயரெச்சம் இரண்டுக்கும் பொருந்தும். எது என்பதை இடம் பார்த்துத்தான் உணர்கிறோம். ஆகவே இந்த வேறுபாடு நம் பிள்ளைகளின் காதில் தானாக விழாது. சொல்லித்தான் தர வேண்டும். 'வேலைநிறுத்தம் செய்த ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை' என்ற சுற்றறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுபவர் தவறுதலாகக் கமா போட்டால், வேலைக்கு வந்தவர்களும் வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஆகிவிடுவார்கள். சம்பளத்தைத் தொடும் இந்தப் பிழையைத் தடுக்கத் 'தட்'-'விச்' விதி உதவாது.

வகுப்பறையிலோ கோடிட்ட இடத்தில் 'தட்'டா 'விச்'சா என்று நிரப்பும் பயிற்சிதான் பக்கம் பக்கமாக நடக்கிறது. எத்தனை சகோதரர்கள், எத்தனை ஊழியர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பொருளைத் தொடாத இந்தப் பயிற்சியை இலக்கணம் என்று அழைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

நான் திருத்திய ஒரு விடைத்தாளில் கோடிட்ட இடங்கள் எல்லாம் சரி, முழு மதிப்பெண். அடுத்த பக்கத்துக் கட்டுரையில் அதே மாணவி கமா இல்லாமல் எழுதியிருந்தாள்: 'மை மதர் ஹூ இஸ் எ நர்ஸ்'. நர்ஸாக இல்லாத இன்னொரு தாயும் தனக்கு இருப்பதாகத் தன் வாக்கியம் சொல்வதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.