திறனாய்வுப் பகுதி: ‘அஸ்டெக் ஆட்டம்’ நாவலும் வரலாற்றுத் தெனமாஸ்தலேயும்

தலைப்பில் உள்ள ‘ஆட்டம்’ விளையாட்டு இல்லை, மாணவர்களே, ஆங்கிலத்தில் இலையுதிர்காலம். 1980-இல் ‘அஸ்டெக்’ நாவலை எழுதிய கேரி ஜென்னிங்ஸ், 1997-இல் அதன் தொடர்ச்சியாக இதை வெளியிட்டார்.

1521-இல் தெனோச்தித்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. கதை அதற்குப் பின் நடக்கிறது. அஸ்ட்லானிலிருந்து மெக்சிகோ நகருக்கு வரும் இளைஞன் தெனமாஸ்த்லி, ஒரு முதியவர் உயிரோடு எரிக்கப்படுவதைப் பார்க்கிறான். ஸ்பானியரை விரட்ட உறுதி பூணுகிறான். அவர்களின் மொழியைக் கற்கிறான், வெடிமருந்து செய்யும் வித்தையைத் தேடுகிறான், படை திரட்டுகிறான்.

நாவலின் பலம் எது? தன்மை நோக்குநிலை. தோற்றவன் வாயாலேயே கதை கேட்கிறோம். ‘நாகரிகம் கொண்டுவந்தோம்’ என்ற பேச்சு, எரிக்கப்படுபவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று நமக்கே புரிந்துவிடுகிறது. ஆசிரியர் தனியாக அறிவுரை சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

பலவீனமும் உண்டு. வன்முறையும் பாலியல் காட்சிகளும் அளவுக்கு மீறி வருகின்றன. பெண் பாத்திரங்கள் பலர் தலைவனின் பயணத்துக்குத் துணையாக மட்டுமே நிற்கிறார்கள். ஆகவே ஆசிரியர்களே, முழு நூலை வகுப்பில் கொடுத்துவிட வேண்டாம், பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. நாவல் எடுத்துக்கொண்ட 1540–42 மிக்ஸ்தோன் போர் உண்மையில் நடந்தது. கொத்தடிமை போன்ற வேலைவாங்கலும் திறைச் சுமையும் மக்களை எழ வைத்தன. ஸ்பானியத் தளபதி பெத்ரோ தே அல்வரதோ 1541-இல் அந்தப் போரில் அடிபட்டு இறந்தார். அரசப் பிரதிநிதி மெந்தோசாவே பெரும்படையோடு வந்து எழுச்சியை அடக்கினார். எழுச்சித் தலைவர்களில் ஒருவர் பிரான்சிஸ்கோ தெனமாஸ்தலே. ஆனால் அவர் கஸ்கான் இனத்தவர். மெக்சிகோ நகரத்து அஸ்டெக்கியர் அல்லர். நாவலாசிரியர் அவரை அஸ்டெக் வாரிசாக்கிவிட்டார். வாசகருக்குத் தெரிந்த பெயர் அதுதானே!

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. உண்மையான தெனமாஸ்தலே பின்னாளில் ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டார். 1555-இல் வயாதோலித் நகரில், லாஸ் காசாஸ் பாதிரியாரின் துணையோடு அரசவைக் குழுவின்முன் வழக்காடினார். ‘நாங்கள் செய்தது கலகம் அன்று, தற்காப்பு’ என்பதே அவர் வாதத்தின் சாரம். தோற்ற தலைவன் வென்றவனின் மன்றத்திலேயே நியாயம் கேட்கிறான். இதைவிடப் பெரிய சாகசம் உண்டா? நாவலோ தன் எடை முழுவதையும் போர்க்களத்தில் வைத்துவிட்டது. சாகசக் கதை என்றால் வாள்தான் என்ற பழக்கம் இங்கே உண்மையைக் குறுக்கிவிட்டது.

தேர்வெழுதும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். ‘தலைவன் வீரமானவன்’ என்று எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். எந்த நிகழ்ச்சி அதைக் காட்டுகிறது, ஆசிரியர் வரலாற்றில் எதை மாற்றினார், மாற்றியதால் கருப்பொருளுக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன என்று எழுதுங்கள்.

பயிற்சி வினா: வரலாற்று நாவலாசிரியருக்கு உண்மையை மாற்றும் உரிமை எந்த எல்லைவரை உண்டு? இந்நாவலைச் சான்றாகக் கொண்டு விளக்குக.