48 மணி நேரத்தில் கேம் செய்யக் கற்றுக்கொள்வது பற்றி

கேம் செய்யக் கத்துக்கணும், எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராவது கேட்டால், இணையத்தில் கிடைக்கிற முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு கேம் ஜாம்ல சேர்ந்துடு." கேட்டவருக்கு நிரல் எழுதுவதில் அரிச்சுவடியே தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் அதே பதில்தான். இந்த அறிவுரை மேல் எனக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு சந்தேகம் உண்டு.

ஜாம் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஒரு தீம் கொடுப்பார்கள், குறித்த நேரத்துக்குள் அதை வைத்து ஒரு கேமைச் செய்து முடிக்க வேண்டும். 2002ல் தொடங்கிய லூடும் டேர் இதில் பழைய கை. அதன் 'காம்போ' பிரிவில் 48 மணி நேரம், தனி ஆள், நிரல், படம், ஒலி எல்லாம் அந்த நேரத்துக்குள் தானே செய்தது. குழுவாகச் செய்ய 72 மணி நேரப் பிரிவு தனியாக உண்டு. 2009ல் குளோபல் கேம் ஜாம் வந்தது; அது ஊர் ஊராக ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து செய்வது. மார்க் பிரவுன் 2017ல் தொடங்கிய ஜிஎம்டிகே ஜாமுக்கு ஆயிரக்கணக்கில் கேம்கள் வருகின்றன.

அறிவுரை சொல்பவர்கள் அடுத்து ஒரு பட்டியல் வாசிப்பார்கள். சர்ஜன் சிமுலேட்டர் 2013 குளோபல் கேம் ஜாமில் பிறந்தது. பாபா இஸ் யூ 2017 நார்டிக் கேம் ஜாமில். இன்ஸ்கிரிப்ஷனின் விதை 2018 லூடும் டேரில். செலஸ்ட் முதலில் நாலே நாளில் செய்த குட்டி கேம். எல்லாம் உண்மைதான். ஆனா செஞ்சது யாருன்னு பார்த்தா கதை மாறுது. சர்ஜன் சிமுலேட்டரைச் செய்தவர்கள் போசா என்ற கேம் கம்பெனியில் அப்போதே வேலை பார்த்தவர்கள். பாபாவின் ஆர்வி டெய்கரி 2015லேயே என்விரான்மென்டல் ஸ்டேஷன் ஆல்ஃபா என்ற முழு கேமை வெளியிட்டிருந்தார். இன்ஸ்கிரிப்ஷனின் டேனியல் மல்லின்ஸ் 2016ல் போனி ஐலண்டை வெளியிட்டவர். செலஸ்டின் மேடி தார்சன் 2013ல் டவர்ஃபாலைக் கொண்டுவந்தவர். நீச்சல் தெரிந்தவர்கள் புதுக் கிணற்றில் குதித்துப் பார்த்த கதைகள் இவை. இதைக் காட்டி, நீச்சலே தெரியாத ஆளைத் தள்ளிவிடுவது என்ன நியாயம்?

செலஸ்டை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏன்னா அதன் உள்பக்கம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. 2015ல் தார்சனும் நோயல் பெர்ரியும் அதை பிகோ-8 என்ற கற்பனைக் கன்சோலுக்குச் செய்தார்கள். 128க்கு 128 புள்ளித் திரை, 16 நிறம், அவ்வளவுதான். பிகோ-8ல் ஒரு கேமை நிறுத்திவிட்டு எஸ்கேப் தட்டினால் அதன் நிரல் முழுக்கக் கண் முன்னால் வரும். செலஸ்டில் அப்படிப் பார்த்தால் இரண்டு சின்ன மாறிகள் இருக்கும். ஒன்றின் பெயர் கிரேஸ். கால் தரையில் இருக்கும்வரை அதன் மதிப்பு 6. தரையை விட்டு விலகியதும் ஃப்ரேமுக்கு ஒன்றாகக் குறையும். அது பூஜ்யம் ஆவதற்குள் அமுக்கினால் குதிக்கலாம். அதாவது விளிம்பைத் தாண்டிக் காற்றில் கால் வைத்த பிறகும் சில ஃப்ரேம்களுக்குக் கேம் நம்மை மன்னிக்கிறது. இன்னொன்று ஜேபஃபர், மதிப்பு 4. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அமுக்கிவிட்டால் அதை ஞாபகம் வைத்திருந்து, தொட்டதும் குதிக்கவைக்கும்.

ஆடுகிறவர் இதைக் கவனிக்கவே மாட்டார். "கரெக்டாத்தானே அமுக்கினேன்" என்ற எரிச்சல் வராமல் இருக்கும், அவ்வளவுதான். இந்தச் சில வரிகள் அந்த நாலு நாளில் கற்றவை இல்லை, அதற்கு முன் வருஷக்கணக்கில் குதிக்கும் கேம்கள் செய்து கைக்கு வந்தவை. ஜாம்களில் புதியவர்கள் போடும் குதிக்கும் கேம்களை நான் நிறைய ஆடியிருக்கிறேன். முக்கால்வாசியில் இந்த மன்னிப்பு இருக்காது. அப்படி ஒன்று தேவை என்பதே செய்தவருக்குத் தெரியாது. ராத்திரி மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அதை யார் சொல்வார்கள்?

ஜாம் எதையும் கற்றுத்தருவதில்லை என்று சொல்ல வரவில்லை. முடிக்கக் கற்றுத்தருகிறது, அது பெரிய விஷயம். யூடியூப் பாடங்கள் பெரும்பாலும் பொம்மை ஓடிக் குதிக்கும் இடத்தோடு நின்றுவிடும். டைட்டில் திரை, செத்தால் திரும்ப ஆட ஒரு பட்டன், ஒலியைக் குறைக்க வழி, அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்ற சோதனை, இதெல்லாம் கெடு இருந்தால்தான் செய்வோம். உலாவியிலேயே ஆடமுடியாத கேமைப் பலர் தொடாமலே போவார்கள் என்பதும் அங்கேதான் உறைக்கும். ஆனால் இந்தப் பாடம் ஏற, பாங் மாதிரி ஒரு சின்ன கேமையாவது முன்னாடியே ஒருமுறை முழுசாச் செய்து பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள் முழுக்க மென்பொருளோடு மல்லுக்கட்டியே போய்விடும். அப்படிப் பாதியில் விட்டவர், "நமக்கு இது வராது" என்று மொத்தமாக ஒதுங்கிவிடுகிறார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

உண்மையான வகுப்பு, கெடு முடிந்த பிறகு நடக்கிறது. லூடும் டேரில் சுமார் மூன்று வாரம் மற்றவர் கேம்களை ஆடி மதிப்பெண் போட வேண்டும். நம் கேமுக்கு இடம் கிடைக்க 20 பேராவது மதிப்பிட்டிருக்க வேண்டும், அதனால் நாமும் ஆடித்தான் ஆகணும். காம்போவில் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. ஒரே தீமுக்கு நூறு பேர் எப்படி யோசித்தார்கள், எப்படி எழுதினார்கள் என்பதை இலவசமாகப் பார்க்கிற வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? பலர் சமர்ப்பித்த கையோடு தூங்கப் போய்விடுகிறார்கள். பின்னூட்டங்களும் பெரும்பாலும் "ஆர்ட் சூப்பர், நல்ல ஐடியா" ரகம். மரியாதைதான், பிரயோஜனம் கம்மி. எந்த இடத்தில் ஆடுவதை நிறுத்தினேன் என்று ஒருவர் ஒரு வரி எழுதினால் அது பத்து பாராட்டுக்குச் சமம்.

புதிதாக வருபவர் நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். காடோ வைல்ட் ஜாம் மாதாமாதம் நடக்கிறது, ஒன்பது நாள் அவகாசம். வேலைக்குப் போய்க்கொண்டே, தூங்கிக்கொண்டே செய்யலாம்.

அதுக்கும் முன்னாடி ஒரு சின்ன வேலை. பிகோ-8க்கு விலை உண்டு, ஆனால் உலாவியில் ஓடும் கல்விப் பதிப்பு இலவசம். செலஸ்டின் நிரலைத் திறந்து கிரேஸின் அந்த 6ஐ 1 ஆக்குங்கள். 0 ஆக்கிவிடாதீர்கள், தரையில் நின்றுகூடக் குதிக்க முடியாது. பிறகு நாலைந்து திரை ஏறிப் பாருங்கள்.