கரிசல் தண்ணீருக்கு ஏற்ற இரை

கரிசல் கண்மாயில் ஐப்பசித் தண்ணீர் வேறு, பங்குனித் தண்ணீர் வேறு. நிறமும் சூடும் வேறு. உள்ளே மிதக்கும் உயிர்களும் வேறு. கெண்டைக்குத் தூண்டில் போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றிலும் மழைக்குத்தான் தண்ணீர் ஓடும். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். கார்த்திகையில் கலுங்கு தாண்டிய கண்மாய், சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில மாதங்களுக்குள் ஒரு நீர்நிலை பிறந்து, முதிர்ந்து, முடிந்துபோகிறது. அதன் போக்கோடு சேர்ந்து இரையின் மணத்தை மாற்றிக்கொண்டே வருவதில் பெரிய ரசனை இருக்கிறது. எல்லாக் காலத்துக்குமான நல்ல இரை என்று எதுவும் கிடையாது. அந்த மாதத்துத் தண்ணீருக்குப் பொருந்தியதே நல்ல இரை.

கண்மாயில் விடுகிற கெண்டைகளில் முக்கியமானவை நான்கு: கட்லா, ரோகு, மிர்கால், சாதாக்கெண்டை. முதல் மூன்றும் வடநாட்டுப் பேராறுகளின் மீன்கள். தேங்கிய தண்ணீரில் தாமாக முட்டையிடாதவை. 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சவுத்ரி ஒடிசாவில் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டை இனத்தை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். சாதாக்கெண்டையில் குளிர் தாங்கும் வகை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. வெப்பம் தாங்கும் வகை 1957-இல் பாங்காக்கிலிருந்து கட்டாக்குக்கு வந்தது. ஆக, நம் கண்மாயில் திரிகிற கெண்டைகளில் பெரும்பாலானவை பண்ணைத் தொட்டியில் கண் திறந்தவை.

இரை பிசைகிறவருக்கு இதில் ஒரு துப்பு கிடைக்கிறது. பண்ணைகளில் குஞ்சுகளுக்குக் கடலைப் புண்ணாக்குத் தூளையும் அரிசித் தவிட்டையும் சரிபாதியாகக் கலந்து தூவுவது வழக்கம். வளர்ந்து பெருத்த பிறகும் அந்த மணம் கெண்டைக்குப் பிறந்த வீட்டுச் சோறு. அதனால் பெரும்பாலான மாதங்களில் என் இரைக்கு அடித்தளம் புண்ணாக்கும் தவிடும்தான். அதன்மேல் எதை ஏற்றுவது, எதைக் குறைப்பது என்பதைப் பருவம் முடிவு செய்யும்.

எந்த மீன் எங்கே மேய்கிறது என்பதும் தெரிய வேண்டும். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும். அதற்கு மீசை கிடையாது. மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சலித்துத் தின்னும். ரோகு நடுத் தண்ணீரில் மேயும். மிர்கால் தரையோடு போகும். சாதாக்கெண்டை சேற்றையே கிளறிவிடும். வாயோரம் இரண்டு ஜோடி மீசை, அந்த மீசையிலும் உதட்டிலும் உடம்பின் மேலும் சுவை மொட்டுகள். இந்த இனத்துக்கு இரைப்பை கிடையாது. ஒரே வேளையில் நிரப்பிக்கொள்ள வழியில்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக ஓயாமல் மேயும். நாம் காற்றில் முகர்கிறோம். மீனுக்கோ தண்ணீரில் கரைந்து வருவது மட்டும்தான் எட்டும். புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்கள், புளிப்பு, இனிப்பு எல்லாம் கரைபவை. கடையில் விற்கும் எசன்ஸ் பாட்டிலைத் திறந்ததும் நமக்கு மூக்கைத் துளைக்கிறதே என்று நம்பி அரை மூடி ஊற்றினால் பயனில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் புதுத் தண்ணீர் வரும். கரிசல் களி மிக நுண்மையானது. தண்ணீரில் கலந்தால் நாள்கணக்கில் படியாது. வெளிச்சம் உள்ளே இறங்காது. மீனுக்குக் கண் உதவாது. அப்போது மணம்தான் வழிகாட்டி. மேலக் கண்மாய்களில் தப்பிப் பிழைத்த பெரிய மீன்கள் மறுகால் தண்ணீரோடு இறங்கி, வரத்துக்காலின் வாயில் எதிர்நீச்சல் போடும். வயல்வெளியிலிருந்து மழை அடித்துக்கொண்டு வரும் மண்புழுவுக்காகக் காத்திருக்கிற மீன்கள் அவை. அந்த வேளையில் மாவு பிசைவது வீண் வேலை. இரண்டு மூன்று புழுக்களைச் சேர்த்துக் கோத்து, ஓட்டம் தணிகிற விளிம்பில் போட்டால் போதும். வாரிப் போடும் தூவலுக்கு இரண்டு நாள் புளித்த கம்பங்கூழில் தவிட்டைக் குழைத்துக்கொள்ளலாம். அந்தப் புளிப்பு கலங்கல் தண்ணீரிலும் நெடுந்தூரம் போகும்.

மார்கழி, தை மாதங்களில் கண்மாய் நிறைந்து நிற்கும். களி படிந்து தண்ணீர் தெளியத் தொடங்கும். விடியலில் தண்ணீர் சில்லென்று இருக்கும். மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் குளிர்ந்தால் அதன் செரிமானமும் மந்தமாகும். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் தக்கை அசையும். இந்தப் பருவத்துக்கு இரை சிறிதாக, இனிப்பாக, சீக்கிரம் கரைவதாக இருக்க வேண்டும். பொரிகடலை மாவில் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைப் பாகாக்கி ஊற்றி, கொண்டைக்கடலை அளவில் உருட்டிப் போடுவேன். எண்ணெய்ச் சரக்கு இப்போது வேண்டாம். எண்ணெய் பிரிந்து மேலே ஏறி மிதந்துவிடும். தரையில் மந்தமாகக் கிடக்கும் மிர்காலுக்கும் சாதாக்கெண்டைக்கும் அது எட்டாது. கருப்பட்டியோ கரைந்து, கனத்து, தரையோடு பரவும்.

மாசி, பங்குனிதான் உச்சம். தண்ணீர் தெளிந்து, வெயில் உள்ளே இறங்கி, பாசி பிடித்து இளம்பச்சை ஏறும். பாசியைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றைத் தின்னக் கட்லா மேலே வரும். தண்ணீரின் சூடு கெண்டையின் பசிக்கு மிகவும் ஏற்றதாக இருக்கும். எள்ளும் கடலையும் செக்கேறி, மல்லி களத்துக்கு வருகிற காலமும் இதுவே. விருதுநகர்ச் சீமையின் வியாபாரச் சரக்கு முழுவதும் தூண்டில்காரரின் கைக்கு எட்டும் பருவம் இது.

கட்லாவுக்கு நான் பிசைகிற விதத்தைச் சொல்கிறேன். கடலைப் புண்ணாக்கை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். காலையில் பிழிந்தெடுத்து இரண்டு பங்கு, வறுத்த தவிடு இரண்டு பங்கு, பொரிகடலை மாவு ஒரு பங்கு, எள்ளுப் புண்ணாக்கு அரைப் பங்கு, பிடிப்புக்குக் கோதுமை மாவு அரைப் பங்கு. மல்லியை லேசாக வறுத்து ஒன்றிரண்டாக இடித்து ஒரு பிடி. எந்தத் தண்ணீரில் போடப்போகிறோமோ அந்தத் தண்ணீரையே தெளித்துப் பிசைய வேண்டும். கையில் சோப்பு, புகையிலை, பெட்ரோல் வாடை இருக்கக் கூடாது. பிசைந்ததும் எலுமிச்சை அளவு ஒன்றை உருட்டி, ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். ஐந்து நிமிடத்துக்குள் விளிம்பிலிருந்து தவிட்டுத் துகள் பிரிந்து மேலே எழத் தொடங்க வேண்டும்; நடுக்கரு மட்டும் கெட்டியாக நிற்க வேண்டும். பத்து நிமிடமாகியும் உருண்டை அப்படியே கிடந்தால் கோதுமை அதிகம். போட்டதும் உதிர்ந்தால் பிசைந்தது போதாது. அந்த உருண்டையைச் சுற்றி நாலைந்து சிறு முட்களைத் தொங்கவிட்டு நடுத் தண்ணீரில் நிறுத்தினால், மிதக்கும் துகளை உறிஞ்ச வருகிற கட்லா முள்ளையும் சேர்த்து உறிஞ்சும். மிர்காலுக்கு இதே மாவில் கோதுமையைக் கூட்டித் தவிட்டைக் குறைத்து, தரையில் கால் மணி நேரமாவது குலையாமல் கிடக்கும்படி இறுக்கிக்கொள்ள வேண்டும். ஜிலேபியும் கெண்டைப்பொடியும் கொத்தித் தீர்த்துவிடாமல் இருக்கவும் அந்த இறுக்கம் உதவும்.

சித்திரை, வைகாசியில் கண்மாய் வறண்டுவிடும். பெரிய கிணறுகளிலும் ஊருணியிலும் கல்குவாரிக் கிடங்குகளிலும்தான் மீன் மிஞ்சியிருக்கும். இங்கிலாந்துக் கெண்டைத் தூண்டில்காரர்களுக்கு இரை செல்லாத பருவம் குளிர்காலம். தண்ணீர் உறைநிலைக்கு அருகே போகும்போது மீன் அசையாமல் கிடக்கும். நமக்கு மீன் சோர்வது கோடையில்தான். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனின் தேவையோ கூடிவிடுகிறது. இரவெல்லாம் பாசியும் சுவாசிப்பதால் விடியலில் ஆக்சிஜன் மிகவும் இறங்கியிருக்கும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் கட்லா பசியால் வருவதில்லை. பகலெல்லாம் பாசி வெளிச்சத்தில் வேலை செய்து முடித்த மாலை நேரம்தான் தூண்டிலுக்கு உகந்தது. தூவலை அறவே நிறுத்திவிட வேண்டும். தின்னாமல் கிடக்கும் புண்ணாக்கு அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். முள்ளில் மட்டும் புளித்த சோற்றில் பிசைந்த லேசான மாவு, ஒரு விரல் நுனி அளவு.

ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து காற்று வெறிகொண்டு அடிக்கும். கிடங்குத் தண்ணீர் கலங்கிக் கலந்து மூச்சு விடும். மீனுக்கும் உயிர் வரும். மேல்தண்ணீரைக் காற்று கீழ்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். அங்கே முட்டிய தண்ணீர் அடியோடு மேற்கே திரும்பும். மேல்மட்ட இரையின் மணம் கிழக்கே போனால், தரையில் கிடக்கும் இரையின் மணம் மேற்கே போகும். இதைப் புரிந்துகொண்டவர் கட்லாவுக்கும் சாதாக்கெண்டைக்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். இப்பருவத்துக்கு நசுக்கிய பூண்டும் வறுத்துப் பொடித்த வெந்தயமும் என் விருப்பம். கலங்கி ஓடும் தண்ணீரில் மெல்லிய மணம் தொலைந்துபோகும்.

இந்த நுட்பம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் செய்த மானசோல்லாசத்தில் மத்ஸ்யவினோதம் என்று தூண்டிலுக்கே ஒரு பகுதி உண்டு; மீன் வகைகளைப் பிரித்து, அவற்றுக்கு ஊட்ட வேண்டிய உணவையும் அது சொல்கிறது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1887-இல் இந்தியக் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனி நூல் எழுதினார். கொல்கத்தாவின் குளத்து ரசிகர்கள் மீனை இழுக்கத் தூவும் கலவையில் வெந்தயம், வசம்பு, சடாமாஞ்சில் எல்லாம் சேரும். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சரக்குதான். இங்கிலாந்தில் ஐசக் வால்டன் 1653-லேயே கெண்டைக்குத் தேனோ சர்க்கரையோ சேர்த்த மாவைப் பரிந்துரைத்தார். ரிச்சர்ட் வாக்கர் 1952 செப்டம்பரில் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்துச் சாதனை படைத்தபோது அவர் முள்ளில் இருந்தது வெறும் ரொட்டிதான். விலை உயர்ந்த இரை பெரிய மீனைத் தரும் என்பதற்கு எந்த ஊரிலும் ஆதாரம் இல்லை.

இன்று எல்லா மாதத்துக்கும் ஒரே பொட்டலம், ஒரே வாசனை என்று இரை விற்பனைக்கு வந்துவிட்டது. அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் தண்ணீரைப் பார்க்கும் பழக்கம் அதோடு போய்விடக் கூடாது. மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கரையில் இறங்கியதும், மீன் வளர்ப்பவர்கள் செய்வதுபோல் முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். கை பழுப்பில் மறைந்தால் களி இன்னும் படியவில்லை. புளிப்பும் புழுவும் எடுங்கள். பச்சையில் மறைந்தால் கட்லாவுக்குத் தவிடும் புண்ணாக்கும் எடுங்கள். தெளிவாகத் தெரிந்து, தண்ணீரும் குளிர்ந்திருந்தால் சிறிதாய் இனிப்பாய்ப் போடுங்கள். கை சுட்டால் மாவுப் பையை மூடி வைத்துவிட்டு மாலைக்கு வாருங்கள்.