காறை எலும்புக்குக் கீழே

அக்காவின் வலது காறை எலும்புக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு மேடு. கீமோ மருந்தை ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் புதைத்த போர்ட் என்னும் சிறு கருவி அது. மேல் விளிம்பில் தழும்பு. கீமோவில் உடம்பு மெலிந்த பிறகு, அந்த மேட்டிலிருந்து கழுத்துக்கு ஏறும் குழாயும் தோலுக்கடியில் கயிறு போலத் தெரிந்தது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் கேட்டுவிட்டார்: "கட்டி அங்கேயும் வந்திடுச்சாம்மா?" அதன்பின் அக்கா வீட்டுக்குள்ளேகூடத் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் நடமாடினாள்.

போர்ட்டின் தோற்றத்தை நினைத்து வருந்துபவர்களுக்கு நாம் இரண்டு ஆறுதல்களை வைத்திருக்கிறோம். உயிர் பெரிதா, அழகு பெரிதா என்பது ஒன்று. இது உன் போராட்டத்தின் அடையாளம், மறைக்காதே என்பது மற்றொன்று. இரண்டையும் நானே அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டுமே அவளுக்கு உதவவில்லை. ஏன் என்று யோசித்ததில், குறை ஆறுதலில் மட்டும் இல்லை என்று தோன்றியது.

போர்ட் நல்ல கருவி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊரில் "நரம்பு கிடைக்கல" என்பார்கள். நான்கைந்து இடத்தில் குத்தியும் ஊசி ஏறாமல் நர்ஸ் தவிப்பதையும், ஏறிய ரத்தக்குழாய் மாதக்கணக்கில் கருத்துக் கிடப்பதையும் பார்த்தவர்களுக்கு அது புரியும். டாக்சோரூபிசின் என்னும் சிவப்பு மருந்து ரத்தக்குழாயை விட்டுக் கசிந்தால் சதையே அழுகக்கூடும். போர்ட்டின் குழாய் அதை இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயில் கொண்டு சேர்க்கிறது. அங்கே ஓடும் ரத்தம் மருந்தை உடனே நீர்த்துப்போகச் செய்துவிடுகிறது. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2021-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், கை வழியாகச் செலுத்தும் பிக் குழாயைவிடவும், மார்பிலிருந்து வெளியே தொங்கும் ஹிக்மன் குழாயைவிடவும் போர்ட்டில் சிக்கல்கள் குறைவாக இருந்தன. பிக் குழாய் வைத்தவர்களில் 47 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தது. போர்ட் வைத்தவர்களில் 32 சதவீதத்தினருக்கு.

ஆனால் இதே கருவியின் வரலாறு முதல் ஆறுதலுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1982-இல் ஜான் நீடர்ஹூபரும் அவருடைய குழுவினரும் போர்ட்டைப் பற்றி எழுதியபோது, வெளியே தொங்கும் குழாய்களுக்கு மாற்றாகத்தான் அதை முன்வைத்தார்கள். தோலுக்குள் புதைந்திருப்பதால்தான் ஊசி இல்லாத நாளில் கட்டுப் போட வேண்டியதில்லை. தலைக்கு ஊற்றிக் குளிக்கலாம். சிகிச்சைக்கு நடுவிலும் மனிதர் வழக்கம்போல் வாழ உதவுவதே இதன் பெரிய சிறப்பு. அந்த வாழ்க்கையில் உடையும் கண்ணாடியும் தெருவும் இல்லையா?

இரண்டாவது ஆறுதல் கேட்க நன்றாக இருக்கிறது. விரும்பிக் காட்டுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அக்கா பள்ளி ஆசிரியை. வெளியே தெரியும் போர்ட், அவள் வாய் திறப்பதற்கு முன்பே நோயை வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிடும். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவள் அவள். அந்த உரிமையைக் காத்துக்கொள்வதற்காகப் போர்த்திய துண்டை வெட்கம் என்று நாங்கள் தவறாகப் படித்தோம்.

உண்மையான கேள்வி அறுவைக்கு முன்பே எழுந்திருக்க வேண்டும்: எந்த இடத்தில் வைப்பது? அக்காவுக்கு இடது மார்பில் புற்று என்பதால் போர்ட் வலப்பக்கம் வந்தது, அது சரிதான். ஆனால் சேலையில் முந்தானை இடது தோளில் ஏறுகிறது. வலது காறை எலும்பை ஒட்டிய இடம் திறந்தே கிடக்கிறது. இரண்டு விரல் தள்ளி வைத்திருந்தால் ஜாக்கெட்டுக்குள் அடங்கியிருக்கும். யாரும் கேட்கவில்லை. மேசையில் படுக்க வைத்த பிறகு இடம் முடிவானது.

குடல் அறுவைக்கு முன், மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் ஸ்டோமா என்னும் திறப்புக்கு இடம் குறிப்பதைப் பாருங்கள். நோயாளியை உட்காரச் சொல்வார்கள், நிற்கச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள். இடுப்பில் உடை எங்கே இறுக்குகிறது என்று பார்த்துப் பேனாவால் குறிப்பார்கள். போர்ட்டுக்கும் இதுவே முறையாக வேண்டும். மருத்துவக் காரணமும் இருக்கிறது: படுத்திருக்கும்போது சரியாகத் தெரிகிற இடம், எழுந்து நின்றால் மார்பின் கனத்தில் கீழே இழுபடும், உள்ளே குழாயின் முனையும் நகரும். உட்கார வைத்துப் பார்ப்பது தோற்றத்துக்கும் நல்லது, மருந்து ஏறுவதற்கும் நல்லது.

எல்லா விருப்பமும் நிறைவேறாது. வெளியே தெரியாமலிருக்க மிக ஆழமாகப் புதைத்தால் ஊசிக்குப் பிடிபடாது. மேலோட்டமாக வைத்தால் தோல் அரியும். மேல்கையில் வைக்கும் போர்ட் மார்பை விட்டு விலகியிருக்கும், ஆனால் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். கார் ஓட்டுகிறவருக்கு நம் நாட்டில் சீட் பெல்ட் வலது தோளிலிருந்து இறங்குகிறது. அதையும் எண்ண வேண்டும். மருத்துவர் மறுக்க நேர்ந்தால் காரணத்தைச் சொல்லி மறுக்கட்டும். கூட்டம் அதிகம், நேரமில்லை என்பதை மட்டும் என்னால் காரணமாக ஏற்க முடியவில்லை. ஒரு நாற்காலி, ஒரு பேனா, சில நிமிடம், அவ்வளவுதான் தேவை.

அக்காவுக்குக் கடைசியில் தையல்காரர்தான் வழி செய்தார். ஜாக்கெட்டின் கழுத்தை இரண்டு விரல் ஏற்றி, முன்பக்கம் கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்தார். மேல் கொக்கிகளைக் கழற்றினால் நர்ஸுக்குப் போர்ட் கைக்கு எட்டும். துண்டு போயிற்று. போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு போர்ட் வைக்க நாள் குறித்தார்கள். அக்கா அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னாள்: "எப்பவும் போடுற ஜாக்கெட்டையே போட்டுக்கிட்டுப் போம்மா. படுக்க வைக்கிறதுக்கு முன்னாடி, உட்கார்ந்தபடியே இடத்தைக் குறிச்சிடச் சொல்லு."