நலவாழ்வு ஆய்வில் மக்கள் பங்கேற்பு: கட்சிரோலி, ஏக்ஜுட் ஆய்வுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவ வசதி எட்டாத மக்களிடையே நிகழும் நலவாழ்வு ஆய்வுகள் தம்மை 'மக்கள் பங்கேற்பு ஆய்வு' என்று குறிப்பிட்டுக்கொள்வது பெருகியுள்ளது. அப்பங்கேற்பு ஆய்வின் எந்தக் கட்டத்தில், எவ்வளவு அதிகாரத்துடன் நிகழ்ந்தது என்பது எல்லா வேளையிலும் தெளிவாவதில்லை. மகாராட்டிர மாநிலம் கட்சிரோலியிலும், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலும் நிகழ்ந்த இரு ஆய்வு முயற்சிகளை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகின்றது. பங்கேற்பு என்பதை ஒற்றைப் பண்பாகக் கொள்ளாமல், கேள்வியை வகுத்தல், தரவு திரட்டல், தீர்வு காணல், பயன் பெறுதல் என்னும் நான்கு கட்டங்களிலும் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: மக்கள் பங்கேற்பு, நலவாழ்வு, மருத்துவச் சேவை, கட்சிரோலி, ஏக்ஜுட், ஆஷா பணியாளர்.

முன்னுரை

வேல்சில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்னும் கருத்தை முன்வைத்தார். தேவை மிகுந்த மக்களுக்கே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கின்றது என்பதும், மருத்துவம் சந்தையின் பிடிக்குள் செல்லுந்தோறும் இந்நிலை கடுமையாகின்றது என்பதும் அவர் கண்ட முடிவு. இவ்விதியை ஆய்வுத் துறைக்கும் பொருத்திப் பார்க்கலாம். நோய்ச்சுமை மிகுந்த மக்கள் ஆய்வுப் பொருளாக அமைகின்றனரே அன்றி, ஆய்வை வகுப்போராக அமைவது அரிது.

இக்குறையைக் களையும் நோக்குடன் வளர்ந்தது மக்கள் பங்கேற்பு ஆய்வுமுறை. பார்பரா இஸ்ரேல் முதலானோர் 1998இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஆய்வின் எல்லாக் கட்டங்களிலும் மக்கள் பங்காளர்களாக இருத்தலை இம்முறையின் கொள்கைகளுள் ஒன்றாக வரையறுத்தது. அதற்கு முன்பே, 1969இல், ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக விளக்கியிருந்தார். தகவல் அளித்தல், கருத்துக் கேட்டல் ஆகியவை அவ்வேணியின் நடுப்படிகள். அவை பங்கேற்பின் தோற்றத்தை மட்டுமே தருகின்றன என்பது அவர் கருத்து. முடிவெடுக்கும் அதிகாரம் மக்களிடம் வருவது மேற்படிகளில்தான். இவ்விரு அளவுகோல்களையும் கொண்டு மேற்சுட்டிய ஆய்வுகள் இங்கு நோக்கப்படுகின்றன.

1. கலைச்சொற்களும் அவை தரும் பார்வையும்

ஆய்வுகளுக்குள் செல்லுமுன், இத்துறையில் நாம் கையாளும் தமிழ்ச் சொற்களைக் கருதுதல் வேண்டும். மருத்துவ வசதி போய்ச்சேராத மக்களைப் 'பின்தங்கிய மக்கள்' என்று எழுதும் வழக்கம் உண்டு. இச்சொல்லில் குறை மக்களின்மீது ஏற்றப்படுகின்றது. அவர்களை எட்டத் தவறிய அமைப்பு பார்வையிலிருந்து மறைகின்றது. 'சேவை எட்டாத மக்கள்' என்பதே இங்குப் பொருந்தும் தொடராகும்.

'சமூகம்' என்னும் சொல் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பேச்சுவழக்கில் அது சாதியையும் குறிக்கின்றது. ஒருவரிடம் 'என்ன சமூகம்?' என்று கேட்டால் அவர் எந்த விடையைத் தருவார் என்பது நாம் அறிந்ததே. எனவே 'சமூகத்தின் ஒப்புதல் பெறப்பட்டது' என்று ஓர் ஆய்வேடு குறிப்பிடும்போது, ஊரா, ஊரின் ஒரு பகுதியா, அப்பகுதியின் ஆண்களா என்னும் வினா எழுகின்றது. ஊர்த்தலைவரின் இசைவை ஊரின் இசைவாகக் கொள்ளும் ஆய்வு, சேவை எட்டாத மக்களுள்ளும் கடைநிலையில் உள்ளோரைத் தவறவிடும்.

'அணுகல்' என்பதும் இத்தகையதே. மருத்துவமனையை நோக்கி மக்கள் செல்லுதல் என்னும் ஒரு திசையை மட்டுமே இச்சொல் காட்டுகின்றது. பென்சான்ஸ்கியும் தாமசும் 1981இல் இக்கருத்தை ஐந்து கூறுகளாகப் பிரித்தனர். சேவை இருத்தல், சென்றடையும் தொலைவில் இருத்தல், மக்களின் நேரத்திற்கும் சூழலுக்கும் இசைதல், செலவு தாங்கத்தக்கதாதல், மக்கள் மனம் ஏற்றல் என்பன அவை. இவற்றுள் இறுதிக் கூற்றை மக்களோடு உரையாடாமல் அறிய இயலாது என்பதே பங்கேற்பு ஆய்வின் தேவைக்கு அடிப்படை.

2. கட்சிரோலி: கேள்வி எங்கிருந்து வந்தது?

மருத்துவர்களான அபய் பங், ராணி பங் இணையர் 1986 முதல் கட்சிரோலியில் 'சர்ச்' என்னும் அமைப்பின்வழிப் பணியாற்றி வருகின்றனர். தொடக்கத்தில் அரிவாள் வடிவச் சிவப்பணு நோய் குறித்து அவர்கள் ஆய்வு மேற்கொண்டனர். நோயின் பரவல் கண்டறியப்பட்டது. ஆனால் அது மக்கள் தம் முதன்மைத் தேவையாகக் கருதிய நோயன்று என்பதை அபய் பங் பின்னாளில் தற்சோதனையாகக் குறிப்பிட்டுள்ளார். தம் கேள்வி பிழைபட்டது என்பதை ஆய்வாளரே ஏற்றுக்கொண்ட இந்நிகழ்வு, ஆய்வு முடிவுகளைக் காட்டிலும் மிகுதியாக நமக்குக் கற்பிக்கின்றது. அவ்வாய்வின் தரவில் பிழையில்லை. கேள்வி மக்களிடமிருந்து எழவில்லை என்பதே குறை.

1989இல் லான்செட் இதழில் வெளியான மகளிர் நோய் குறித்த ஆய்வு இதனோடு ஒப்பிடத்தக்கது. இரண்டு ஊர்களைச் சேர்ந்த 650 பெண்கள் ஆய்வுக்கு உட்பட்டனர். அவர்களுள் 92 விழுக்காட்டினருக்கு ஒன்றோ பலவோ மகளிர் நோய்கள் இருந்தன. முன்னர் இதற்கெனப் பரிசோதனையும் மருத்துவமும் பெற்றோர் 8 விழுக்காட்டினர் மட்டுமே. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டையும் மகப்பேற்றையும் சுற்றியே பெண்ணுடல் பேசப்பட்ட காலத்தில், கருவுறாத வேளையிலும் பெண்ணுக்கு நோய் உண்டு என்பதை இவ்வாய்வு எண்களால் நிறுவியது. 55 விழுக்காட்டினரே தமக்கு உபாதை இருப்பதாகக் கூறினர் என்பது மற்றொரு செய்தி. மக்கள் சொல்வதை மட்டும் கேட்டால் போதும் என்னும் எளிய பங்கேற்புக் கொள்கைக்கு இது தடை எழுப்புகின்றது. சொல்லப்படாத நோயும் உண்டு. அதனை வெளிக்கொணரப் பரிசோதனை தேவை. எனவே மக்களின் சொல்லும் மருத்துவ அறிவும் ஒன்றையொன்று திருத்தும் உறவே பங்கேற்பு என வரையறுத்தல் தகும்.

1999இல் வெளியான வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு ஆய்வு உலக அளவில் அறியப்பட்டது. 39 ஊர்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடுதோறும் சென்று குழந்தைகளைக் கவனித்தனர். கிருமித்தொற்று கண்டபோது ஊசி மருந்தும் செலுத்தினர். 1,000 பிறப்புகளுக்கு 62 என்றிருந்த பச்சிளங்குழந்தை இறப்பு 25.5 ஆகக் குறைந்தது. ஊசி செலுத்துதல் மருத்துவருக்கும் செவிலியருக்கும் மட்டுமே உரியது என்னும் எல்லையை, சில வகுப்புகளே படித்த பெண்கள் கடந்தனர். இங்குப் பங்கேற்பு, திறனும் பொறுப்பும் கைமாறுவதாக அமைந்தது.

எனினும் ஒப்பீட்டுக்கெனக் கொள்ளப்பட்ட 47 ஊர்களின் நிலை சிந்தனைக்குரியது. அங்குப் பிறப்பும் இறப்பும் பதிவாயின, இப்பராமரிப்பு அளிக்கப்படவில்லை. ஒப்பீடு இன்றி இவ்வாய்வு அரசின் கொள்கையை அசைத்திருக்க இயலாது என்பது உண்மை. அந்த ஊர்களும் ஆய்வின் பங்காளர்களே எனில், அவர்களுக்கு உரியது என்ன என்னும் வினாவைப் பங்கேற்பு ஆய்வு தவிர்க்க இயலாது.

3. ஏக்ஜுட்: தீர்வு யாருடையது?

ஏக்ஜுட் அமைப்பைச் சேர்ந்த பிரசாந்த திரிபாதி முதலானோரின் ஆய்வு 2010இல் லான்செட் இதழில் வெளியானது. ஜார்க்கண்டின் மேற்கு சிங்பூம், சராய்கேலா கர்சவான், ஒடிசாவின் கியோஞ்சர் ஆகிய மாவட்டங்களில், பழங்குடியினர் மிகுந்து வாழும் 36 பகுதிகள் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதியில் 244 பெண்கள் குழுக்கள் மாதந்தோறும் கூடின. தாய்சேய் நலச் சிக்கல்களை இனங்கண்டு வரிசைப்படுத்துதல், தீர்வுகளைத் திட்டமிடுதல், செயற்படுத்துதல், மதிப்பிடுதல் என்னும் நான்கு நிலைகளில் கூட்டங்கள் அமைந்தன. கதைகளும் படங்களும் விளையாட்டுகளும் உரையாடலுக்குத் துணைநின்றன. இக்குழுக்கள் இயங்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றாண்டுகளில் 32 விழுக்காடு குறைவாக இருந்தது.

இம்முயற்சியில் மருந்தோ கருவியோ முதன்மை பெறவில்லை. பெண்கள் கூடிப் பேசியதே மருத்துவமாயிற்று. தீர்வு காணும் கட்டத்தில் ஆர்ன்ஸ்டீனின் மேற்படிகளை இவ்வாய்வு நெருங்குகின்றது. ஆயினும் கேள்வியின் எல்லை முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. தாய்சேய் நலம் என்னும் வட்டத்திற்குள்தான் பெண்கள் தம் சிக்கல்களை வரிசைப்படுத்தினர். நிலம், கூலி, குடிநீர் ஆகியவற்றை ஒரு குழு முதன்மைச் சிக்கலாகக் கொண்டிருப்பின், ஆய்வின் அளவீட்டில் அதற்கு இடமிராது. ஆய்வு முடிந்தபின் குழுக்கள் ஒப்பீட்டுப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டமை பாராட்டத்தக்கது. கட்சிரோலி ஆய்வை முன்னிட்டு எழுந்த வினாவுக்கு இதுவே தக்க விடை.

மற்றொன்றும் இங்குக் கருதத்தக்கது. இறப்பு குறைந்தபோதும், மருத்துவமனையை நாடுதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கைகழுவுதல், தூய்மையான மகப்பேறு முதலிய வீட்டுப் பழக்கங்களே மேம்பட்டன. இதனை மக்களின் ஆற்றலுக்குச் சான்றாகக் கொள்ளலாம். மருத்துவமனை இன்றியே மக்கள் தம்மைக் காத்துக்கொள்வர் என்று அரசு இதனைப் பொருள்கொள்ளுமாயின், பங்கேற்பு அரசின் கடமைக்கு மாற்றாகிவிடும். பங்கேற்பு ஆய்வாளர் மிகவும் விழிப்புடன் இருக்க வேண்டிய இடம் இது.

4. விரிவாக்கமும் அதிகார இழப்பும்

கட்சிரோலி முறை 2011இல் ஆஷா பணியாளர்வழி நாடளாவிய திட்டமாயிற்று. வீட்டு வருகைகள் விரிந்தன; ஊசி செலுத்தும் பொறுப்பு ஆஷாக்களுக்கு அளிக்கப்படவில்லை. ஒரு குழந்தைக்குரிய வருகைகள் அனைத்துக்கும் 250 ரூபாய் ஊக்கத்தொகையாக வகுக்கப்பட்டது. 2022இல் உலக நலவாழ்வு அமைப்பு ஆஷாக்களுக்கு விருதளித்துச் சிறப்பித்தது. எனினும் திட்ட ஆவணங்களில் அவர்கள் தன்னார்வலர்களே. ஊதியம் பெறும் ஊழியர்கள் அல்லர். உள்ளூர்ப் பெண்ணின் உழைப்பு பரவலாக்கப்பட்டது. அவள் பெற்ற அதிகாரம் பரவலாக்கப்படவில்லை. நலவாழ்வு ஆய்வுகள் பலவற்றுக்குத் தரவின் வாயிலாக இருப்பவளும் இவளே. அவ்வாய்வுகளின் முகப்பில் அவள் பெயர் இடம்பெறுவது அரிது.

5. ஆய்வேடுகளுக்கான கருத்துகள்

நம் பல்கலைக்கழகச் சூழலில் முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பும் ஆய்வுச் சுருக்கமும் களத்திற்குச் செல்லுமுன்பே ஏற்பு பெற வேண்டும். ஆகவே கேள்வியை வகுக்கும் கட்டத்தில் மக்கள் இடம்பெற வாய்ப்பு குறைவு. இக்கட்டுரையாளரும் இவ்வரையறைக்கு உட்பட்டவரே. இந்நிலையில் செய்யத்தக்கது, இல்லாத பங்கேற்பை உரிமை கோராமல், இருந்த அளவைச் சொல்லுதல். களப்பணி இயலில் பின்வரும் வினாக்களுக்கு விடை எழுதுதல் நலம்.

1. கேள்வியை வகுத்தவர் யார்? களத்தில் அது மாறியதா?
2. 'சமூகம்' என்று குறிப்பிடப்பட்டோர் யாவர்? ஒப்புதல் கூட்டத்தில் இல்லாதோர் யாவர்?
3. தரவு திரட்டியவருக்குக் கிடைத்த ஊதியமும் அறிந்தேற்பும் என்ன?
4. முடிவுகள் அம்மக்களின் மொழியில், அவர்கள் ஊரில் எடுத்துரைக்கப்பட்டனவா?

முடிவுரை

கட்சிரோலி ஆய்வு, பிழைபட்ட கேள்வியை உணர்ந்து திருத்திக்கொள்ளும் நேர்மையையும், அறிவைக் கைமாற்றும் துணிவையும் காட்டுகின்றது. ஏக்ஜுட் ஆய்வு, தீர்வை மக்களிடம் ஒப்படைக்கும் முறையையும், ஒப்பீட்டுப் பகுதிக்கு ஆற்ற வேண்டிய கடமையையும் காட்டுகின்றது. இரண்டிலும் நான்கு கட்டங்களும் நிறைவாக அமைந்துவிடவில்லை. முன்னோடி முயற்சிகளின் நிலையே இதுவாயின், கையொப்பமோ கைநாட்டோ பெற்ற படிவத்தை மட்டும் கொண்டு 'மக்கள் பங்கேற்பு' என்று எழுதுவது தகாது. எந்தக் கட்டத்தில் மக்கள் இருந்தனர், எந்தக் கட்டத்தில் இல்லை என்று பதிவு செய்யும் ஆய்வேடே அடுத்து வரும் ஆய்வாளருக்கும், அந்த ஊருக்கும் பயன்படும்.